ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

அந்த மாதத்தின் முப்பத்தொன்பதாவது அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் ரஷீதா பேகம் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை.

"ஒரு சந்தேகம் மேடம்."

"சந்தேகம்னா எழுதிக் கொடுங்க. இன்னும் பதினாலு பயறு வாசிக்கணும் நான்."

"எழுதிக் கொடுத்தா பதில் வர பத்து நாள் ஆகும். நாளைக்குக் காலையில கோர்ட்டு."

பேனாவை மூடி வைத்தேன். மூடின சத்தம் கேட்டிருக்கும். அவர் அசையவில்லை.

பயறு என்றால் சுண்டல் செய்கிற பயறு இல்லை. வாயு புழங்கும் ஆலைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இடது புஜத்தில், தோலுக்கடியில், ஒரு சின்னக் குப்பி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்து பதினான்கு வருஷமாகிறது. பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். அரசாங்கம் அதற்கு இரண்டு வரி நீளத்தில் ஒரு பெயர் வைத்தது. தொழிலாளிகள் பயறு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. விபத்து என்றால் முதலில் வருகிறவர்கள் அதைக் குத்தி எடுத்துக் குளிர்க் குடுவையில் போட்டு, இந்தத் தொழிற்பேட்டை வாசிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். நான் தில்லைநாயகி, இங்கே தலைமை வாசிப்பாளர். தலைமை என்றால் எனக்குக் கீழே வாசிப்பாளர் ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

"எந்தக் கேஸு?"

"வையாபுரி. விறகுவாயு ஆலையில டாங்க் கழுவப் போய் செத்தாரே, அவரு."

ஞாபகம் வந்தது. போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குத் தொட்டிக்குள் இறங்கியவர், ஒன்பதரைக்குச் சுருண்டு விழுந்துவிட்டார். அன்றைக்கு யாரும் வாயுவைத் திறந்துவிடவில்லை என்று ஆலை சொன்னது. பூஜை லீவு முடிந்து வந்து அவர் பயற்றை வாசித்தேன். கார்பன் மோனாக்சைடு நிறைய இருந்தது. ஆனால் அது உள்ளே போய், சாவதற்குள் இருபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. அதையே எழுதினேன்.

"இருபத்தேழு மணி நேரம்னா முந்தின நாள் திங்கக்கிழமை காலையில ஆறரை ஏழு மணி. அன்னிக்கு அவருக்கு லீவு, வீட்டுல இருந்திருக்காரு. அவரு சம்சாரம் செங்கமலம் அந்த நேரத்துல குழந்தைக்குத் தலைக்கு ஊத்தி, கதவைச் சாத்திட்டு, அடுப்புக்கரி நெருப்புல சாம்பிராணி போட்டிருக்கு. முந்தின வாரம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சி. கரிப்புகையை மூட்டிவிட்டுக் கொன்னுட்டான்னு கேஸு. மூணு மாசக் கைக்குழந்தையோட உள்ள இருக்கா."

"கேஸு உங்க பாடு. பயறு என்ன சொல்லிச்சோ அதைத்தான் நான் எழுதினேன்."

"அதான் மேடம், அது எப்படிச் சொல்லுதுன்னு எனக்குப் புரியணும். எதை வச்சு மணி கணக்கு சொல்றீங்க?"

இதை வருஷத்துக்கு நாற்பது தடவை சொல்லித் தொலைக்கிறேன். சொன்னேன்.

"பயறுக்குள்ள ஒரு உலோகக் கொத்து இருக்கு. ஒரு ரோடியம் அணு, அதை ஒட்டி மூணு இரும்பு அணு. டவுன் பஸ்ல ஏறியிருக்கீங்கல்ல? ஏறுறவங்க முதல்ல படியிலதான் நிப்பாங்க. அப்புறம் மெல்ல மெல்ல உள்ள நகருவாங்க. அந்த மாதிரி. ரத்தத்துல வர்ற வாயு முதல்ல ரோடியத்துலதான் ஒட்டும். அதுதான் படி. அப்புறம் ஒண்ணொண்ணா இரும்புப் பக்கம் தாவும். உடம்புச் சூட்டுல பத்து மணி நேரத்துல பாதி தாவிடும். படியில எத்தனை பேரு, உள்ள எத்தனை பேருன்னு எண்ணினா பஸ்ஸு எப்பக் கிளம்பிச்சுன்னு தெரிஞ்சிடும்."

"இங்க கொண்டுவந்து வச்ச பிறகும் நகராதா?"

"அதுக்குத்தான ஃப்ரீசர்! மைனஸ் எண்பதுல எல்லாம் நின்ன இடத்துல நிக்கும். ஒரு அணு அசையாது."

அவர் தலையாட்டினார். எழுந்து போவார் என்று பார்த்தேன், போகவில்லை.

"அப்ப அந்தக் குழந்தை எப்படி மேடம் உயிரோட இருக்கு?"

"எது?"

"அதே ரூம்பு, அதே புகை. சாம்பிராணியே குழந்தைக்குத்தான் போட்டது. புருஷன் கட்டில்ல தூங்கிட்டிருந்தாராம். அவரு சாகுற அளவுக்குப் புகைன்னா குழந்தையும் தாயும்ல முதல்ல போயிருக்கணும்? அது கொழுகொழுன்னு ஸ்டேஷன்ல என் தொப்பியைப் பிடிச்சு இழுக்குது. அப்புறம் உங்க ரிப்போர்ட்லயே அளவுன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்க. அவ்வளவு வாயு போனா ஒரு மனுஷன் மறுநாள் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போவானா?"

அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் எழுதினதுதான். அளவு ஒரு கட்டத்தில், நேரம் அடுத்த கட்டத்தில். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பிணம் சைக்கிள் ஓட்டியிருக்கிறது. இரண்டு கட்டத்துக்கும் கீழே என் கையெழுத்து, வால் நீட்டி, அழகாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், வழக்கம்போல் எதிரில் இருந்தவர் மேல் போனது. "சாயங்காலம் வாங்க. இப்பக் கிளம்புங்க. நீங்க உக்காந்திருந்தா எனக்கு வேலை ஓடாது" என்றேன்.

வையாபுரியின் பயற்றை மறுபடி வாசிக்க ஃப்ரீசர் அறைக்குப் போனேன். அறையை நான் சரியாகப் பார்த்தே மாதக்கணக்காகியிருக்கும். தேவையான பயறுகளை அட்டெண்டர் சவரிமுத்துதான் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைப்பார். அன்றும் அவர் அங்கேதான் நின்றிருந்தார், ஃப்ரீசரின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

ஃப்ரீசர் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கைப்பிடியில் காய்ந்த சாமந்தி மாலை. ஆயுத பூஜை முடிந்து பத்து நாளாகிறது, மாலையை எடுத்துப் போட ஒரு ஆளுக்கு உடம்பு வணங்கவில்லை. பக்கத்தில் வெப்பம் பதிகிற மீட்டருக்கும் பொட்டு. சுவரில் இருந்த அலாரத்துக்கும் பொட்டு. ஸ்விட்சுக்கும் பொட்டு.

அந்த ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சவரிமுத்து."

"மேடம்."

"பூஜையன்னிக்கு இதை என்ன பண்ணீங்க?"

"பொட்டு வச்சேன் மேடம்."

"அதான் தெரியுதே. வேற என்ன பண்ணீங்க?"

"தொடச்சேன். மாலை போட்டேன். ஆஃப் பண்ணேன்."

தோசையைத் திருப்பிப் போட்டேன் என்பதுபோல் சொன்னார்.

"ஆஃப் பண்ணீங்களா?"

"ஆயுதத்துக்கு அன்னிக்கு ஓய்வுதானே மேடம். புதன்கிழமை நாலு மணிக்கு நம்ம ஆபீஸ் பூஜை. அப்ப நிறுத்தினது. வியாழன் லீவு. வெள்ளிக்கிழமை விஜயதசமி, நான் மட்டும் காலையில ஆறு மணிக்கு வந்து சூடம் காட்டித் திருப்பிப் போட்டேன். ஒரு நாளும் தவறினதில்ல."

"யோவ்! அந்த மீட்டரு?"

"அதுவும் ஓய்வுதான்."

"அலாரம்? சூடானா கத்தணும்னுதானேய்யா அதை மாட்டியிருக்கு!"

"கத்தும்னுதான் மேடம் அதை முதல்ல கழட்டிடுவேன். பூஜை நேரத்துல கத்துனா நல்லாவா இருக்கும்?"

சவரிமுத்து ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் எங்கள் ஆபீஸ் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை வாங்குவதிலிருந்து பூசணிக்காய் உடைப்பது வரை அவர்தான். அவர் இல்லாமல் பூஜை நடந்ததே இல்லை. அன்றைக்குக் கொடுத்த சுண்டலை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அப்போது இந்தப் பெட்டி பக்கத்து அறையில் சூடாகிக்கொண்டிருந்தது.

"உங்க மண்டையில என்னதான்யா இருக்கு? உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? மனுஷங்களோட சாவு இருக்குய்யா உள்ள! வருஷம் முந்நூத்தறுபத்தஞ்சு நாளும் ஓடணும்னுதானே ரெண்டு லைன் கரண்ட்டு, ஜெனரேட்டர் எல்லாம்! அத்தனையும் வச்சுக்கிட்டு நீங்க சந்தனம் பூசி ஸ்விட்சை அமுக்கியிருக்கீங்க!"

சாய்ந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை.

"எத்தனை வருஷமா இது?"

"இதோட பதினோரு வருஷம் மேடம்" என்றார் மெதுவாக.

உட்கார இடம் தேடினேன். அந்த அறையில் நாற்காலி கிடையாது. நானே வேண்டாம் என்று எடுக்கச் சொன்னதுதான், யாராவது உட்கார்ந்து கதையடிப்பார்கள் என்று.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். புதன் நாலு மணியிலிருந்து வெள்ளி ஆறு மணி வரை முப்பத்தெட்டு மணி நேரம். கனமான பெட்டி, திறக்காமல் இருந்தால் முழுக்கச் சூடேறப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். மிச்சம் இருபத்தாறு. அக்டோபர் புழுக்கத்தில் மூடின அறை உடம்புச் சூட்டுக்குப் பெரிதாகக் குறைவில்லை. அந்த இருபத்தாறு மணி நேரமும் வையாபுரியின் வாயு படியிலிருந்து உள்ளே நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆள் செத்துக் குழியில் கிடக்கிறார், அவர் பஸ் மட்டும் ஓடியிருக்கிறது.

நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். டாக்டர் கனகசுந்தரம் நல்ல மனிதர். மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். நல்ல மனிதர்கள் மார்ச்சில் ஓய்வு பெறுவதாக இருந்தால் அக்டோபரில் அவர்களிடம் எதையும் கொண்டுபோகக் கூடாது. முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஆஃப் பண்ணாருன்னே வச்சுக்குவோம். அதனாலதான் இப்படின்னு எப்படிச் சொல்ல முடியும்? அந்தம்மா நிஜமாவே புகை போட்டிருக்கலாம் இல்லையா?"

"குழந்தை உயிரோட இருக்கு சார்."

"அது டாக்டருங்க சொல்ல வேண்டியது. நாம பயறு மட்டும்தான். பாருங்க தில்லைநாயகி, இந்த ஒரு கேஸுன்னா நான் இப்பவே எழுதித் தருவேன். ஆனா பதினோரு வருஷம்ங்கிறீங்க. பூஜை சமயத்துல பெட்டிக்குள்ள இருந்த பயறு எல்லாத்தையும் மறுபடி தோண்டணும். அதுல எத்தனை பேரு தீர்ப்பாகி எங்க இருக்காங்களோ. நிலையத்தையே மூடிடுவாங்க."

"மூடட்டும் சார்."

"சரி. மூடறதுக்கு முன்னாடி இதையும் பாத்துடுங்க." அலமாரியிலிருந்து தினப்பதிவேட்டை எடுத்துத் திறந்து என் பக்கம் தள்ளினார். "சாட்சிப் பயறு கட்டம். தினமும் 'சரி'ன்னு எழுதி இருக்கு. யாரு எழுத்து?"

என் எழுத்துதான்.

சாட்சிப் பயறு என்பது நிலையத்தின் பாதுகாப்பு. தினமும் காலையில் ஒரு புதுப் பயற்றில் நாங்களே அப்போதைக்கப்போது வாயுவை ஏற்றி, அன்றைக்கு வந்த பயறுகளோடு சேர்த்து உறைய வைப்போம். எங்கள் பயற்றின் நேரம் எப்போதும் பூஜ்யம். மற்றதை வாசிக்குமுன் அதை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பூஜ்யம் வந்தால் பெட்டி சரியாக இருந்திருக்கிறது. ஒரு பயறு வாசிக்க நாற்பது நிமிஷம் ஆகும். ஒரே ஒரு வாசிப்பானை வைத்து, குவிகிற பயறையெல்லாம் வாசிக்கிறவளுக்கு அந்த நாற்பது நிமிஷம் எங்கே இருக்கிறது? ஃப்ரீசர் வந்த புதிதில் இரண்டு மாதம் வாசித்தேன். தினமும் பூஜ்யம் வந்தது. அப்புறம் வாசிக்காமலே 'சரி' என்று எழுத ஆரம்பித்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக எழுதுகிறேன்.

"சார், அதைத் தூக்கிப் போடலையே? பழைய சாட்சிப் பயறெல்லாம் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கும். ஏன்?"

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது.

இரண்டு சாட்சிப் பயறுகளை எடுத்தேன். ஒன்று வையாபுரி செத்த செவ்வாய்க்கிழமை போட்டது, பூஜைக்கு முந்தினது. இன்னொன்று விஜயதசமிக்கு மறுநாள் சனிக்கிழமை போட்டது. இரண்டும் ஒரே பெட்டி, ஒரே தட்டு. செவ்வாய்ப் பயற்றை முதலில் வாசிப்பானில் வைத்தேன்.

நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. அந்த நாற்பது நிமிஷமும் ஊரில் உள்ள எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். சவரிமுத்துவை, இயக்குநரை, விபத்து நடந்தவுடன் கையை விரிக்கிற ஆலையை, சாம்பிராணியைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர்களை. சவரிமுத்து டீ கொண்டுவந்து வைத்தார். "டீ ஒண்ணுதான் குறைச்சல்" என்றேன். அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் டீ வேண்டும்போல் இருந்தது, கேட்க வாய் வரவில்லை.

திரையில் எண் வந்தது. இருபத்தாறு.

எங்கள் கையாலேயே வாயு ஏற்றி, பூஜ்யத்தில் உறைய வைத்த பயறு, இருபத்தாறு மணி நேரம் பழசு என்றது. சனிக்கிழமைப் பயற்றை வைத்தேன். இன்னும் நாற்பது நிமிஷம். பூஜ்யம்.

இருபத்தேழில் இருபத்தாறு போனால் ஒன்று. வையாபுரியின் உடம்புக்குள் வாயு போனது சாவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, ஆலையின் தொட்டிக்குள் அவர் இருந்தபோது. வீட்டுச் சாம்பிராணிக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து, ஆள் இல்லாத அறையில் "அப்பாடா!" என்று கத்தினேன். உடனே வெட்கமாக இருந்தது. எண்பது நிமிஷ வேலை. பத்து நாளைக்கு முன்னால் பாதியை நான் செய்திருந்தால் அந்தப் பெண் ஒரு ராத்திரிகூட உள்ளே இருந்திருக்க மாட்டாள்.

ஐந்து மணிக்கு ரஷீதா பேகம் வந்தார். இந்தத் தடவை நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு எண்களையும் காட்டி, கழித்துக் காட்டினேன். அவர் தன் நோட்டில் தானும் ஒருமுறை கழித்துப் பார்த்துக்கொண்டார்.

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுதியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு."

"நல்லது மேடம். ஆனா கோர்ட்டுல ஒண்ணு கேப்பாங்க. ஃப்ரீசரை யாரு நிறுத்தினது, யாரு சொல்லி நிறுத்தினதுன்னு. அது இல்லாம ஆலைக்காரங்க வக்கீல் விடமாட்டாரு. ரிப்போர்ட்டை இப்ப ஜோடிச்சதுன்னுவாரு."

சவரிமுத்துவைக் கூப்பிட்டோம். இயக்குநரும் வந்து கதவோரம் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் தடுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"யாருங்க நிறுத்தினது?"

"நான்தாங்க."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான்."

"பதினோரு வருஷமா, யாரும் சொல்லாம, நீங்களா?"

"ஆமாங்க. பூஜைன்னா நிறுத்தணும்னு எனக்கே தோணிச்சு."

"எழுதிக்குங்க" என்றார் இயக்குநர் அவசரமாக. "அட்டெண்டர் தன்னிச்சையா செஞ்சது. அலுவலக உத்தரவு எதுவும் கிடையாது. இன்னிக்கே தற்காலிக நீக்கம் போட்டுடறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "தோணிச்சாம்! ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேக்கத் தோணிச்சாய்யா உங்களுக்கு? இதை நிறுத்தலாமா கூடாதான்னு ஒரே ஒரு வார்த்தை!" என்றேன், இன்ஸ்பெக்டர் எதிரிலேயே.

சவரிமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டிருக்கணும் மேடம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு இயக்குநரோடு ஃப்ரீசர் அறையைப் படம் எடுக்கப் போனார். பின்னாலேயே நானும் போய் எட்டிப் பார்த்தேன். ஃப்ரீசரின் பக்கவாட்டில், காலையில் சவரிமுத்து சாய்ந்து நின்ற இடத்தில், அரைத்தாள் அளவுக்கு வண்ணம் மங்காத ஒரு சதுரம் இருந்தது. நாலு மூலையிலும் செலோடேப் பசை. நெடுநாளாக ஏதோ ஒட்டியிருந்து இன்றைக்கு உரித்த மாதிரி. என்ன ஒட்டியிருந்தது என்று எனக்கு நினைவில்லை.

அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து சாவிக்கொத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அதன் பக்கத்தில், பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்த ஒரு தாளையும் வைத்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க மேடம். காலையில அந்த இன்ஸ்பெக்டரம்மா வந்து, ஃப்ரீசர் பேச்சு காதுல விழுந்ததுமே எடுத்துட்டேன். அவங்க கண்ணுல பட வேண்டாம்னு."

"என்ன அது?"

"பாருங்க."

மஞ்சள் பாரித்த தாள். பிரித்தேன்.

"ஆயுத பூஜை. அட்டெண்டர் கவனத்துக்கு. ஒன்று: எல்லா இயந்திரங்களையும் நிறுத்திச் சுத்தம் செய்து பொட்டு வைக்கவும். இரண்டு: எல்லா என்றால் எல்லாமே. மூன்று: விஜயதசமி காலை சூடம் காட்டிய பிறகே இயக்கவும். நான்கு: இதைப் பற்றி இனிமேல் என்னிடம் வந்து கேட்க வேண்டாம்."

'எல்லாமே' என்பதன் கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே என் கையெழுத்து, வால் நீட்டி.

"ஃப்ரீசர் வந்த வருஷம் மேடம்" என்றார் சவரிமுத்து. "நான் கேட்டேன். இதையுமா நிறுத்தணும், இது ஓடிட்டே இருக்கணும்னு பொருத்த வந்தவரு சொன்னாரேன்னு. நீங்க ஏதோ ரிப்போர்ட்டு அவசரத்துல இருந்தீங்க. எத்தனை தடவைய்யா சொல்றது, எல்லாம்னா எல்லாந்தான்னீங்க. நான் திரும்ப ஒருவாட்டி வந்து கேட்டேன். அப்பத்தான் இதை எழுதி, நீங்களே அதும்மேல ஒட்டினீங்க."

நினைவு வந்துவிட்டது. அவர் வாசலில் நின்ற விதம், கையைப் பிசைந்துகொண்டு. "மேடம், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தது. நான் முழுவதையும் கேட்கவே இல்லை. செலோடேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தது வரை நினைவு வந்தது.

"ஏன்யா இதை அவங்ககிட்ட சொல்லல?"

"எனக்கு ஏழு மாசம்தான் மேடம் சர்வீஸு. உங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. நீங்க போயிட்டா பயறு யாரு வாசிக்கிறது?"

அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, தாளை எடுத்துக்கொண்டு ஃப்ரீசர் அறைக்குப் போனேன். ரஷீதா பேகத்திடம் நீட்டினேன்.

"இதையும் சேத்துக்குங்க. அவரு கொடுத்த வாக்குமூலம் பொய். யாரு சொல்லி நிறுத்தினாருன்னு இதுல இருக்கு."

இயக்குநர் எட்டிப் படித்துவிட்டு, "தில்லைநாயகி!" என்றார். இன்ஸ்பெக்டர் தாளைச் சந்தனம் பூசிய ஃப்ரீசரின் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்தார். மங்காத சதுரத்தில் அது அச்சாகப் பொருந்தியது.

மறுநாள் கோர்ட்டில் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆலையின் வக்கீல் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தார். பூஜ்யம் என்ற எண்ணை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீதிபதி என்னைப் பார்த்து, "உங்க மேல தனி விசாரணை வரும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். செங்கமலத்தை விடச் சொன்னார். பதினோரு வருஷத்துப் பூஜைப் பயறுகள் எல்லாவற்றையும் மறுபடி கணக்கெடுத்து ஒப்படைக்கும்வரை நானும் சவரிமுத்துவும் நிலையத்தைவிட்டு நகரக் கூடாது என்றும் சொன்னார். மொத்தம் இருநூற்றுப் பதினேழு பேர். பாதிப் பயறு வருஷா வருஷம் சூடேறி, எந்த நேரத்தையும் காட்ட முடியாத அளவுக்கு நகர்ந்து போயிருக்கும். மிச்சத்தையாவது வாசிக்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் செங்கமலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. குழந்தை தோளில் தூங்கியது. நான் போய் எதிரில் நின்றேன். மன்னிப்புக் கேட்க நாலு வரி தயார் செய்து வைத்திருந்தேன்.

"நீங்கதான் அதுல கையெழுத்துப் போட்டவங்களா மேடம்?"

"ஆமாம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்க ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டினாங்க. மிஷினு சொல்லுதுன்னாங்க. நானும் நம்பிட்டேன் மேடம். என் சாம்பிராணிதான் அவரைக் கொன்னுடுச்சுன்னு பத்து நாளா நம்பிட்டிருந்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கவே பயமா இருந்துச்சு, என் கைபட்டா இதுக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு."

எனக்கு அந்த நாலு வரியில் ஒன்றுகூட வரவில்லை.

"எட்டரை மணின்னு உள்ள சொன்னீங்களே, நிஜந்தானா?"

"நிஜந்தாம்மா. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"அப்ப அது அந்த நேரந்தான்" என்றாள். "எட்டரை தாண்டி போன் பண்ணாரு. டாங்க்கை விட்டு வெளிய வந்து நிக்கறேன், தலை சுத்துதுடின்னாரு. மறுபடி இறங்கச் சொல்றாங்க, என்ன பண்ணட்டும்னாரு. அப்பப் பாத்து இவன் வீறிட்டு அழுதான். இதுக்கெல்லாமா போன் பண்ணுவே, போய் வேலையைப் பாருன்னு வச்சுட்டேன். முந்தின நாள் சாம்பிராணியாலதான் தலை சுத்தியிருக்குன்னு நினைச்சு இதை யார்கிட்டயும் சொல்லல." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு கேக்கத்தானே மேடம் செஞ்சாரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். ரஷீதா பேகம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி வாங்கிக்கொண்டாள்.

நிலையத்துக்குத் திரும்பியபோது மத்தியானம் இரண்டு மணி. மேஜை முழுக்கப் பழைய தட்டுகளைச் சவரிமுத்து வருஷவாரியாக அடுக்கியிருந்தார். ஃப்ரீசரில் பொட்டைக் காணவில்லை, ஈரத்துணியால் துடைத்திருந்தார். முதல் வருஷத்துத் தட்டை எடுத்து, முதல் சாட்சிப் பயற்றை வாசிப்பானில் வைத்தேன். நாற்பது நிமிஷம். இருநூற்றுப் பதினேழு பேர். ஆயுசே போய்விடும்போல் இருந்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது.

சவரிமுத்து வாசலில் வந்து நின்றார், கையைப் பிசைந்துகொண்டு.

"மேடம், ஒரு சந்தேகம்."

வசவு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"கேளுங்க" என்றேன்.